பதினைந்தாவது ஆள்

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுச் சமையலறை விளக்கு அதிகாலை நான்கு மணிக்கே எரிந்துவிடும். சுபஹ் பாங்கு சொல்வதற்கு முன்பே உம்மா சோற்றுப் பார்சலைக் கட்டி முடித்திருப்பார். ராத்தா தொழுதுவிட்டு, முதல் நாள் இரவே அழுத்தி வைத்த அபாயாவை அணிந்து, புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொள்வார். வாப்பா வாசலில் த்ரீவீலை உறும விட்டுக்கொண்டு நிற்பார். அக்குறணை ஏழாம் கட்டையிலிருந்து அம்பதென்ன, கட்டுகஸ்தோட்டை தாண்டி, கண்டி கூட்ஸ் ஷெட் பஸ் நிலையம் வரை வாப்பாவின் பயணம். அங்கிருந்து முதலாம் இலக்க பஸ்ஸில் கடுகண்ணாவைக் கணவாய் இறங்கி, மாவனல்லை, கேகாலை, வரக்காப்பொலை, நிட்டம்புவை என்று கொழும்பு வரை ராத்தாவின் பயணம். பத்து மணிக்கு வகுப்பு. இரவு தெமட்டகொடையில் சாச்சி வீட்டில் தங்கி, ஞாயிறு வகுப்பும் முடித்து, இஷாவுக்குப் பிறகுதான் வீடு வந்து சேருவார். திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பல்லேகல கைத்தொழில் பேட்டையில் வேலைக்கு நிற்க வேண்டும்.

ராத்தா மனித வள முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம் படிக்கிறார். இது இரண்டு வருடப் படிப்பு.

"ஒங்கட ராத்தா இன்னமும் படிக்கிறாவா?" என்று எங்கள் ஒழுங்கையில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. கேள்வியில் பாதி ஆச்சரியம், பாதி வேறொன்று. பட்டம் எடுத்தாயிற்று, வேலையும் கிடைத்தாயிற்று, வயது இருபத்தேழு ஆயிற்று, இனியும் என்ன படிப்பு என்பது அதன் பொருள். எங்கள் மாமா நேரடியாகவே கேட்டார்.

"டொக்டருக்குப் படிச்சா வெளங்குது. டீச்சருக்குப் படிச்சா வெளங்குது. இது என்ன படிப்பு? கடையில ஆள் வெக்கிறதுக்கும் ஒரு முதுமாணியா?"

எல்லாரும் சிரித்தார்கள். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எங்கள் இருவரிடமும் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலில் எனக்கொரு பங்கும் உண்டு. ஐந்து வருடமாக நான் யாரிடமும் சொல்லாத பங்கு அது.

2020ஆம் ஆண்டு. மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். வாப்பா வேலை செய்த கண்டிப் புடவைக் கடையும் மூடப்பட்டது. அந்தக் கடையில் வாப்பா 2001 மார்ச்சில் சேர்ந்தவர். சாரிப் பகுதியில் நின்று தொடங்கி, கடைசியில் கொள்வனவுக் கணக்கும் பார்த்தார். அந்த வருடம் நோன்புப் பெருநாள் வியாபாரமும் இல்லை, சித்திரைப் புத்தாண்டு வியாபாரமும் இல்லை. கடை மறுபடி திறந்தபோது ஆட்களைக் குறைக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. ஜூலை மாதத்தில் ஒரு நாள் வாப்பா ஒரு கடித உறையோடு வீட்டுக்கு வந்தார். நாளைக்குக் கையெழுத்து வைத்துக் கொண்டுவரச் சொன்னார்களாம். கடிதம் சிங்களத்தில் இருந்தது.

எங்கள் வாப்பா சிங்களம் பேசுவதைக் கேட்டால் அவரைக் கண்டியின் எந்தக் கிராமத்துச் சிங்களவர் என்றும் நம்பலாம். பத்தொன்பது வருடம் சாரி விரித்துக் காட்டிய வாய் அது. ஆனால் வாசிக்கத் தெரியாது. ராத்தா அப்போது பேராதனைப் பல்கலைக்கழக மாணவி. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் சூம் விரிவுரை கேட்டுக்கொண்டிருந்தார். "அவளக் கொழப்ப வேணாம், நீ வாசி" என்று வாப்பா கடிதத்தை என்னிடம் தந்தார்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்கு முந்திய தவணைப் பரீட்சையில் இரண்டாம் மொழிச் சிங்களத்தில் வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான். வாப்பா அதைக் கடையில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். முதல் இரண்டு வரி புரிந்தது. நோய்த்தொற்று, வியாபாரம் குறைவு, நன்றி. நடுவில் ஒரு நீண்ட பந்தி. அலுவலகச் சிங்களம். வகுப்பில் படித்த ஒரு சொல்லும் அதில் இல்லை. தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். அந்தப் பந்தியை விழுங்கிவிட்டுக் கடைசி வரிக்குப் போனேன்.

"ஒண்டுமில்ல வாப்பா. இவ்வளவு நாளும் வேலை செஞ்சதுக்கு நன்றி எண்டு ஈக்கி."

வாப்பா என் பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

அந்தப் பந்தியில் இருந்தது இதுதான்: நான் சுயவிருப்பில் விலகுகிறேன், எனக்குச் சேர வேண்டிய எல்லாக் கொடுப்பனவுகளையும் பெற்றுக்கொண்டேன்.

இது எனக்கு 2022இல்தான் தெரிய வந்தது. அது மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசை நின்ற வருடம். வாப்பா அப்போது வாடகைக்கு ஒரு த்ரீவீல் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். பெற்றோல் கிடைக்காத நாட்களில் வீட்டில் இருந்தார். ராத்தா மூன்றாம் வருடத்தில் தொழிற்சட்டம் ஒரு பாடமாகப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டார்.

"வாப்பா, கடையில ஒங்களுக்குப் பணிக்கொடை தந்தாங்களா?"

"அது கவர்மென்ட் ஆக்களுக்குத் தானே" என்றார் வாப்பா.

நம் வீடுகளில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ராத்தா அன்று சொன்னதை நான் என் வணிகக் கல்விக் கொப்பியின் பின்பக்கத்தில் இன்றும் எழுதி வைத்திருக்கிறேன். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில் தருநரிடமிருந்து 12 சதவீதமும் போக வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் தருநர் மேலும் 3 சதவீதம் கட்ட வேண்டும். இவை இரண்டும் வாப்பாவுக்குக் கட்டப்பட்டிருந்தன. மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம். ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்தவர் விலகினாலும், விலக்கப்பட்டாலும், ஓய்வு பெற்றாலும், சேவை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் அவருக்குச் சேர வேண்டும். அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. முப்பது நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

வாப்பாவின் கடைசிச் சம்பளம் 32,000 ரூபா. அதில் பாதி 16,000. பத்தொன்பது வருடம். ராத்தா தாளில் பெருக்கிக் காட்டினார்: 304,000 ரூபா.

அந்த எண்ணை உம்மா இரண்டு முறை கேட்டார்.

ஆனால் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வேலை முடிந்த திகதிக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் ஏதாவது ஒரு நாளாவது அந்தத் தொழில் தருநரிடம் பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்திருக்க வேண்டும். "கடையில எத்தின பேர் வாப்பா?" என்று ராத்தா கேட்டார். வாப்பா விரலை மடித்து எண்ணினார். காசு மேசையில் ஒருவர், சாரிப் பகுதியில் நான்கு பேர், ஆண்கள் உடுப்பில் மூன்று பேர், பிள்ளைகள் உடுப்பில் இரண்டு பேர், துணி வெட்டுபவர் ஒருவர், களஞ்சியத்தில் ஒருவர். பன்னிரண்டு. ராத்தாவின் முகம் வாடியது.

"டிசம்பர்ல? ஸ்கூல் யூனிஃபோர்ம் சீசன்ல?"

"சீசனுக்கு ரெண்டு பொடியன்மார் வந்த. ரெண்டு மாசம் நிண்ட."

பதினான்கு. அதற்கு மேல் யாருமில்லை. சற்று நேரம் யாரும் பேசவில்லை. உம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அந்தக் கோப்பையைப் பார்த்ததும்தான் ராத்தாவுக்குக் கேட்கத் தோன்றியது என்று நினைக்கிறேன்.

"கடையில தேத்தண்ணி ஊத்தினது யாரு வாப்பா?"

"அது அந்த வயசான ஆள். கூட்டிப் பெருக்கி, தேத்தண்ணி ஊத்தி, கடை சாமான் வாங்கிட்டு வாற."

"அவர எண்ணினீங்களா?"

"அவர என்னத்துக்கு எண்ணுற? அவர் கடையாளில்ல, தேத்தண்ணி ஊத்துறவர்."

"அவருக்குச் சம்பளம் குடுத்தது யாரு?"

"முதலாளிதான்."

"அப்ப அவரும் ஆள்தான் வாப்பா."

வாப்பா வெகுநேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பத்தொம்பது வருஷம் அந்த மனிசன் ஊத்தின தேத்தண்ணிய நான் குடிச்சேன். எண்ணச் சொன்னா மறந்துட்டேன்."

எனக்கு மனித வள முகாமைத்துவம் என்றால் என்னவென்று யாரும் அதற்கு முன்னும் பின்னும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால், தேத்தண்ணீர் ஊற்றுபவரையும் சேர்த்து எண்ணத் தெரிய வேண்டும்.

கணக்கு சரியாக வந்தபோதும் வாப்பா தொழில் அலுவலகத்துக்குப் போகச் சம்மதிக்கவில்லை. "ஜும்ஆவுக்கு ஒரே ஸஃபுல நிக்கிற மனிசன். அவர்ட உப்பத் திண்டு நாம வளந்தம். ஒங்கட ஸ்கூல் சப்பாத்தெல்லாம் அந்தக் கடைச் சம்பளத்துல வாங்கினது" என்றார். அதில் பொய் எதுவுமில்லை. ஒரு பெருநாளைக்கும் முதலாளி எங்கள் வீட்டுக்குத் துணி அனுப்பாமல் விட்டதில்லை. உம்மாவின் சத்திரசிகிச்சைக்கு அவர்தான் முன்பணம் தந்தார். இதையும் நான் எழுதத்தான் வேண்டும். அவர் கெட்ட மனிதர் அல்லர். ஆனால் அன்பளிப்பாக எதையும் தருவார். உரிமையாகக் கேட்பதைத் தரும் பழக்கம் அவருக்கு இருக்கவில்லை. எங்களுக்கும் கேட்கும் பழக்கம் இருக்கவில்லை.

ராத்தா வாப்பாவோடு வாதாடவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார். வேலையாளின் வியர்வை காயுமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்தக் கட்டளை வேலையாளுக்கா, முதலாளிக்கா? அதை அவர் நிறைவேற்ற நாம் வழி செய்வது அவருக்குச் செய்யும் தீமையா, நன்மையா?

வாப்பா ஒரு கிழமை யோசித்தார். பிறகு பழைய பிஸ்கட் டின்னில் இருந்த சம்பளச் சிட்டைகள், சேமலாப நிதிக் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் கொட்டினார். அந்தக் கடிதத்தின் பிரதியும் அதில் இருந்தது. ராத்தா அதை எடுத்து வாசித்தார். நடுப் பந்தியில் அவரது விரல் நின்றது. "வாப்பா, இது என்னண்டு தெரிஞ்சா கையெழுத்து வெச்சீங்க?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வாப்பா என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் என் பெயரைச் சொல்லவில்லை என்பது மட்டும் அதற்குப் பிறகு ராத்தா என்னிடம் ஒன்றும் கேட்காததிலிருந்து தெரிந்தது.

கண்டித் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்கள். விசாரணைக்கு இரண்டு தரப்பையும் அழைத்தார்கள். கடைத் தரப்பு அந்தக் கடிதத்தைக் காட்டியது. அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறது, கொடுத்ததற்கான ரசீது எங்கே? ரசீது இல்லை. ஆட்கள் எத்தனை பேர் என்ற கேள்வியும் வந்தது. தேத்தண்ணீர் ஊற்றிய பெரியவர் வந்து, தான் அங்கு வேலை செய்ததைச் சொல்லிவிட்டுப் போனார். பல தவணைகளுக்குப் பிறகு 2023இல் இணக்கம் ஏற்பட்டது. முதல் தவணை 54,000 ரூபா, பிறகு ஐந்து தவணை 50,000 ரூபா வீதம். முழுவதும் வந்து சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். வாப்பாவும் முதலாளியும் இன்றும் ஜும்ஆவில் ஸலாம் சொல்லிக்கொள்கிறார்கள். முன்னைய நெருக்கம் இல்லை. வாப்பாவுக்கு அதில் வருத்தம் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

பொருளியல் படிக்கும் மாணவி என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவுக்குச் சற்று மேல். மே மாதத்தில் அது 360 ரூபா அளவுக்குப் போனது. அரிசி, மா, மருந்து எல்லாம் கூடவே ஏறின. 2020இல் கிடைத்திருந்தால் வாப்பா அந்தப் பணத்தோடு கொஞ்சம் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு த்ரீவீல் எடுத்திருக்கலாம். 2023இல் அதே 304,000 ரூபாவுக்கு அந்தப் பெறுமதி இல்லை. வியர்வை காயுமுன் என்பதன் பொருள் எனக்கு அந்தக் கணக்கில்தான் விளங்கியது. பிந்திக் கொடுத்த கூலி, தொகை குறையாவிட்டாலும் குறைந்த கூலிதான்.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருகிறேன். ஆள் வைப்பதற்கும் ஒரு முதுமாணியா?

ராத்தாவின் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். ஆட்சேர்ப்பு, தெரிவு, பயிற்சி, சம்பளத் திட்டமிடல், செயலாற்றுகை மதிப்பீடு, தொழிலுறவுகள், தொழிற்சட்டம், நிறுவன நடத்தை, ஆய்வு முறையியல். வாப்பாவின் கடையோடு இவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். வாப்பாவுக்கு நியமனக் கடிதம் கிடையாது. சம்பள உயர்வுக்கு விதி கிடையாது. முதலாளியின் மனம் குளிர்ந்தால் கூடும். வேலை கற்றுக் கொடுக்கப்படவில்லை, பார்த்துப் பழகியது. பிரச்சினை வந்தால் சொல்வதற்கு ஆள் கிடையாது. இத்தனையும் ஒரு மனிதரின் நல்ல குணத்தில் மட்டும் தங்கியிருந்தது. அந்தக் குணத்தோடு ஓர் ஒழுங்கும் வேண்டும். அந்த ஒழுங்கை எப்படி உண்டாக்குவது என்பதுதான் இந்தப் படிப்பு.

இந்தத் துறை தொடங்கிய கதையும் நம்மைப் போன்ற பெண்பிள்ளைகள் அறிய வேண்டியது. 1896இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் ரவுன்ட்ரீ சொக்லட் தொழிற்சாலை, அங்கு வேலை செய்த பெண்களின் நலன்களைக் கவனிக்க மேரி வூட் என்ற பெண்ணை நியமித்தது. 1913இல் அதே யோர்க் நகரில் இப்படிப்பட்ட நலன்புரி ஊழியர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அந்தச் சங்கம்தான் வளர்ந்து இன்று பிரித்தானியாவின் ஆளணி மற்றும் அபிவிருத்திப் பட்டய நிறுவனமாக இருக்கிறது. இலங்கையில் இத்தகைய நிறுவனம் 1959இல் தொடங்கி, 1976இல் பாராளுமன்றச் சட்டத்தால் அங்கீகாரம் பெற்றது. இன்று கொழும்பு, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களில் மனித வள முகாமைத்துவத்துக்கெனத் தனித் துறைகள் இருக்கின்றன. நமக்கு அண்மையில் பேராதனையிலும் முகாமைத்துவ பீடம் 2015 முதல் இயங்குகிறது. ராத்தா வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்ப் படித்துப் பட்டம் பெற்றது அங்கேதான்.

இன்னும் பின்னே போனால், மக்காவில் வணிகம் செய்த கதீஜா (ரழி) அவர்களை நினைக்கிறேன். தம் சரக்கைச் சிரியாவுக்குக் கொண்டுபோக ஆள் தேடியபோது, நேர்மைக்குப் பெயர் பெற்ற ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளைத் தெரிவு செய்வது ஒரு பெண்ணுக்குப் பொருந்தாத வேலை என்று நம்மில் யார் சொல்ல முடியும்?

நம் நாட்டின் கல்வித் தகைமைகளை 12 மட்டங்களாக வகுத்திருக்கிறார்கள். சாதாரண தரம் முதலாம் மட்டம். நானும் என் தோழிகளும் படிக்கும் உயர்தரம் இரண்டாம் மட்டம். சாதாரணப் பட்டம் ஐந்தாவது, சிறப்புப் பட்டம் ஆறாவது. முதுமாணி ஒன்பதாவது, ஆய்வோடு சேர்ந்த முதுமாணி பத்தாவது. கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாவது. இசட் புள்ளியை நினைத்து இரவில் தூக்கம் வராத நான், எனக்கு மேலே பத்துப் படி இருப்பதைப் பார்த்து முதலில் மலைத்துப் போனேன். ராத்தா சிரித்தார். "ஒரே நாள்ல யாரும் ஏறுறதில்ல. சிலவங்க வேலை செஞ்சிட்டு வந்து ஏறுவாங்க. என்ட வகுப்புல அம்பது வயசு உம்மா ஒருத்தரும் ஈக்கிறாங்க" என்றார்.

வகுப்பில் ஒரு நாள் எங்களுக்குள் விவாதம் வந்தது. மனிதனை 'வளம்' என்று சொல்லலாமா? மரம் வளம், நீர் வளம், கனிய வளம் என்பது போல மனிதனும் தோண்டி எடுத்துப் பயன்படுத்தும் பொருளா? நான் இதை வீட்டில் கேட்டேன். வாப்பாதான் பதில் சொன்னார். "பிங்கா ஓயாவப் பாரு. ஓரத்த அடச்சிக் கட்டடம் கட்டினம். இப்ப மழைக்கு மழை கடைக்குள்ள வருது. வளத்தச் சரியாக் கவனிக்காட்டி அது சும்மா ஈக்கிறதில்ல." சென்ற மழைக்கும் அக்குறணைக் கடைவீதியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அந்த உதாரணத்தை வகுப்பில் சொன்னேன். ஆசிரியை எழுதிக்கொண்டார்.

ராத்தாவுக்குக் கொழும்பில் அனுமதி கிடைத்த நாள் வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுத ராத்தாவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். உம்மா அழுதார். ஒரு நல்ல இடத்துப் பேச்சு அப்போது வந்திருந்தது. இரண்டு வருடம் காத்திருப்பார்களா? சனி, ஞாயிறு பஸ்ஸில் தனியே போய் வருவதை ஊர் என்ன சொல்லும்? கட்டணத்துக்கு எங்கே போவது? உம்மாவின் பயங்களை நான் குறைவாக எண்ணவில்லை. அவை எல்லாம் உண்மையான பயங்கள். எல்லாரும் பேசி முடிந்ததும் வாப்பா அலுமாரியைத் திறந்து வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். பணிக்கொடையில் த்ரீவீல் கடனுக்கும் கூரைக்கும் போக மிச்சமாக இருந்தது 180,000 ரூபா.

"இந்தச் சல்லிய எனக்குத் தேடித் தந்தது யாரு? மாமாவா? ஊரா? இவள்ட படிப்பு. இது இவள்ட படிப்புக்கே போகட்டும். மாப்புள வீட்டுக்கு நான் பேசுறேன். காத்திருந்தா அல்ஹம்துலில்லாஹ். இல்லாட்டி அது நஸீப்."

மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை. ராத்தா அதற்கு அழுதாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் அறையில் அதிகம் பேசாமல் இருந்தார். பிறகு விண்ணப்பத்தை நிரப்பினார். முழுக் கட்டணத்துக்கு வாப்பாவின் பணம் போதவில்லை. மிச்சத்தைத் தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டுகிறார்.

ராத்தா படிக்கத் தொடங்கி ஒரு மாதத்தில் தன் ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு இரவு களைத்து வந்து என் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "கண்டியில கடைகள்ல வேல செய்ற ஆக்களுக்குக் கடிதமெல்லாம் எந்த மொழியில குடுக்கிறாங்க எண்டு பாக்கப் போறேன். சிங்களமும் தமிழும் ரெண்டும் அரசகரும மொழி. ஆனா வாசிக்கத் தெரியாத மொழியில எத்தின பேர் கையெழுத்து வெச்சிருப்பாங்க?"

அன்றுதான் நான் சொன்னேன். பன்னிரண்டு வயதில் நான் விழுங்கிய அந்தப் பந்தியைப் பற்றி, தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டதைப் பற்றி, அடுப்படியில் ஒளிந்ததைப் பற்றி. எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது வாசலில் வாப்பா நிற்பதைக் கண்டேன். த்ரீவீல் சாவியை ஆணியில் மாட்ட வந்தவர் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார் வாப்பா. "நீ நடுவுல நிறுத்தினாய். பொறகு வேகமா வாசிச்சாய். சாரி விக்கிறவனுக்கு மூஞ்சப் பாத்தா தெரியாதா? மத்த நாள் கடையில யாரையாவது கேட்டிருக்க ஏலும். நான் கேக்கல்ல. கேட்டா முதலாளிய நம்பல்ல எண்டு ஆகிடும் எண்டு பயந்தேன். நீ பன்னெண்டு வயசுப் புள்ள. கையெழுத்து வெச்சது நான்."

அதன் பிறகு சாவியை மாட்டிவிட்டு இஷா தொழப் போய்விட்டார். ராத்தா என் தலையைத் தடவிவிட்டு, "என்ட ஆய்வுல ஒன்ட பேர் போட மாட்டேன், பயப்படாத" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

அன்புச் சகோதரிகளே, பெற்றோர்களே, இன்னும் சில மாதங்களில் எனக்கு உயர்தரப் பரீட்சை. வணிகக் கல்வியில் மனித வள முகாமைத்துவம் ஓர் அலகுதான். பலர் அதைச் சுலபமான அலகு என்று கடைசியில் படிக்கிறார்கள். நான் அதை முதலில் படித்தேன். இன்ஷா அல்லாஹ், பல்கலைக்கழகம் கிடைத்தால் அதே துறையில் பட்டமும், வேலை செய்து கொஞ்சம் அனுபவம் பெற்றபின் முதுமாணியும் எடுக்க வேண்டும் என்பது என் நிய்யத். கிடைக்காவிட்டால் வேறு வழியாகப் படிப்பேன். அதற்கிடையில் சிங்களத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கதைப் புத்தகங்களோடு பத்திரிகையில் வரும் அரசாங்க அறிவித்தல்களையும் வாசிக்கிறேன். புரியாத சொல்லைக் கோடிட்டு ஆசிரியையிடம் கேட்கிறேன். இப்போது கேட்க வெட்கமில்லை.

உங்கள் வீட்டில் கடையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்பவர்கள் இருந்தால், இன்றிரவு அவர்களிடம் மூன்று விடயம் கேளுங்கள். நியமனக் கடிதம் இருக்கிறதா? சேமலாப நிதி இலக்கம் என்ன? எத்தனை வருடம் ஆயிற்று? உங்கள் வீட்டில் கடை வைத்திருப்பவர்கள் இருந்தால், அவர்களிடமும் ஒன்று கேளுங்கள்: கடையில் எத்தனை பேர்? அவர்கள் எண்ணி முடிக்கும்வரை பொறுமையாக இருந்து, தேத்தண்ணீர் ஊற்றுபவரைச் சேர்த்தார்களா என்று பாருங்கள்.

நாளை சனிக்கிழமை. ராத்தாவின் பை ஏற்கெனவே கதவருகில் இருக்கிறது. உம்மா முட்டை அவித்து வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் அவர் அழுவதில்லை. சோற்றுப் பார்சலில் ஒரு கறி கூடியிருக்கிறது.